பசு எருமைகளின் சினைக்காலமும் ஈற்றுத் தாமதமும்

கறவை மாடு வைத்திருக்கும் குடியானவருக்கு அம்மாடு ஈனும் இரவைப்போலக் கவலை நிறைந்த இரவு வேறில்லை. ஒன்பது மாத காலம் இட்ட தீவனத்தின் பயனும், வரப்போகும் பால் வருமானமும், ஒரு கன்றின் உயிரும், சில சமயம் தாயின் உயிரும் அந்தச் சில மணி நேரத்தையே பொறுத்திருக்கின்றன. பெரும்பாலான பசுக்கள் எவருடைய உதவியுமின்றித் தாமே ஈன்றுவிடுகின்றன. ஆனால் தண்ணீர்க்குடம் உடைந்து நெடுநேரமாகியும் கன்று வெளிவராதபோது, தொழுவத்தில் கூடும் கூட்டத்தில் ஒருவர் எண்ணெய் ஊற்றச் சொல்வதும், ஒருவர் கயிறு கட்டி இழுக்கச் சொல்வதும், மற்றொருவர் விடியட்டும் பார்க்கலாம் என்பதும் வழக்கம். இம்மூவரும் மாட்டின் நன்மையையே கருதுகிறவர்கள்தாம். எனினும், தாமதத்தின் காரணம் யாதென்று அறியாமல் செய்யப்படும் உதவி அநேக சமயங்களில் அத்தாமதத்தைவிட அதிகக் கேட்டை விளைவிக்கிறது. காரணத்தை அறிய வேண்டுமாயின், சினைக்காலம் எவ்வாறு நடைபெறுகிறது, ஈற்று எந்த ஒழுங்கில் நிகழ்கிறது என்பவற்றை முதலில் தெரிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

சினை சேர்ந்த தேதி

பசுவின் சினைக்காலம் சராசரி 280 நாட்கள். அதாவது ஒன்பது மாதமும் பத்து நாட்களும் எனக் கொள்ளலாம். நாட்டுப் பசுக்களில் இதற்குச் சில நாட்கள் கூடுதலாவதுண்டு. எருமைக்கு ஏறக்குறைய 310 நாட்கள் ஆகும். தை மாதம் முதல் தேதியன்று சினை சேர்ந்த பசு ஐப்பசி முதல் வாரத்திலும், அதே தேதியில் சினை சேர்ந்த எருமை கார்த்திகை முதல் வாரத்திலும் ஈனும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துக்கொண்டு, எருமை நாள் கடந்துவிட்டதென வீணே அஞ்சுவோரும் உண்டு.

இக்கணக்கு பயன்பட வேண்டுமாயின், காளை சேர்ந்த நாளோ சினை ஊசி போட்ட நாளோ எழுத்தில் இருத்தல் வேண்டும். நிலத்துக்குக் கிஸ்தி கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும் பல குடும்பங்களில், நிலத்தின் விலையில் ஒரு பங்கு பெறுமானமுள்ள மாட்டுக்கு ஒரு தேதியும் எழுதப்படுவதில்லை. சுவரில் கரிக்கோடாயினும் இருந்தால் போதும். தேதி தெரியாத மாட்டின் ஈற்று முன்கூட்டி வந்ததா, நாள் தள்ளி வந்ததா என்பதை வைத்தியரும் நிச்சயிக்க இயலாது.

சினைக்காலத்தின் நிலைகள்

சினைக்காலத்தை மூன்று நிலைகளாகப் பிரிப்பது நூல் வழக்கு. முதல் நிலை இரண்டு வாரங்களுக்குட்பட்டது. கருக்குழாயில் உருவான கரு நான்கைந்து நாட்களில் கருப்பைக்குள் இறங்கி, எதனோடும் ஒட்டாமல் அங்குள்ள திரவத்தையே உண்டு மிதக்கிறது. பின்னர் அது நூலிழை போல நீண்டு, பதினாறாம் நாள் அளவில் தான் இருப்பதை ஒருவகைச் சுரப்பின் மூலம் தாயின் தேகத்துக்கு அறிவிக்கிறது. அவ்வறிவிப்புக் கிடைத்த மாடு 21 ஆம் நாள் மீண்டும் பருவத்துக்கு வருவதில்லை. கிடைக்காத மாடு வந்துவிடும். சித்திரை, வைகாசி மாதங்களின் கடும் வெயிலில் நிழலும் தண்ணீரும் போதாத பசுக்களில் சினை தங்காமற் போவதற்கு, இந்த இளங்கரு சூட்டைத் தாங்காமல் அழிவது ஒரு முக்கிய காரணமாகும்.

இரண்டாம் நிலை 45 ஆம் நாள் வரையிலாகும். இதற்குள் இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. தலை, கால், ஈரல் முதலிய உறுப்புகள் யாவும் உருப்பெறுகின்றன. கருவின் உறை, கருப்பையின் உட்சுவரிலுள்ள பொத்தான் போன்ற மேடுகளோடு பிணையத் தொடங்குகிறது. இவ்விணைப்புகள் நூறு வரையில் இருப்பதுண்டு. ஈன்றபின் நஞ்சுக்கொடி விழத் தாமதிப்பது இவ்விணைப்புகள் விடுபடாமையாலேயே என்பதைக் குடியானவர்கள் நினைவில் வைத்தல் நலம். விழாத கொடியைப் பிடித்து இழுப்பதால் வரும் கேடு அப்போது தானே விளங்கும்.

மூன்றாம் நிலை ஈற்று வரையிலானது. இதில் புதிய உறுப்புகள் தோன்றுவதில்லை; இருப்பவை வளர்கின்றன. இரண்டு மாத முடிவில் சுண்டெலி அளவாயிருக்கும் கன்று, மூன்று மாதத்தில் பெரிய எலி அளவும், நாலைந்து மாதத்தில் பூனை அளவும் ஆகிறது. ஏழாம் எட்டாம் மாதங்களில் உடல் முழுதும் ரோமம் மூடுகிறது. அனுபவமுள்ள வைத்தியர் ஆசனவாய் வழியே கை செலுத்தி இரண்டு மூன்று மாதங்களிலேயே சினையை உறுதி செய்வார். ஒலியலைக் கருவியால் ஒரு மாதத்திலேயே அறியக்கூடும். வயிறு பெருத்த பின்பே சினையென்று நம்பும் பழைய வழக்கத்தால், சினையில்லாத மாட்டுக்கு ஐந்தாறு மாதம் தீவனம் இட்டு ஏமாந்தவர் பலர்.

பிறக்கும்போது கன்றுக்கு உள்ள எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதங்களில் சேர்வதாகும். ஆகையால் ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே பால் கறப்பதைப் படிப்படியாக நிறுத்தி மடியை வற்றச் செய்தல் வேண்டும். தவிடு, பிண்ணாக்கு, தானியக் குருணை சேர்ந்த அடர்தீவனத்தை வழக்கத்துக்கு மேல் தினம் ஒன்றரை அல்லது இரண்டு கிலோ இட்டு வருவது உசிதம். தாய்க்குத் தீவனத்தைக் குறைத்தால் கன்று சிறுத்து எளிதில் பிறக்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. அது சரியன்று. தீவனம் குறைந்த தாய் முக்குவதற்கு வலுவின்றிக் களைப்பதோடு, ஈன்றபின் பாலும் குறைந்து, அடுத்த பருவமும் தள்ளிப் போகும். இதற்கு நேர்மாறாக, கிடேரிகளைக் கொழுக்க வைப்பதும் தவறு. பிறப்பு வழியைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து வழி குறுகுகிறது.

ஈனும் நாளைக் குறிப்பது யார்

ஈற்று நாளைத் தாயின் தேகமே நிர்ணயிக்கிறதென்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. 1960 களில் நியூஜீலாந்து தேசத்தில் லிகின்ஸ் என்னும் வைத்திய நிபுணர் செம்மறியாடுகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சிகளால் இக்கருத்து மாறியது. வயிற்றிலுள்ள குட்டியின் மூளையடியில் இருக்கும் ஒரு சிறு சுரப்பியை அழித்துவிட்டால், நாள் கடந்தும் தாய் ஈனுவதில்லை. அச்சுரப்பியின் சத்தையே குட்டிக்குச் செலுத்தினால் நாளுக்கு முன்பே ஈன்றுவிடுகிறது. ஆகவே, கருப்பையில் இடம் போதாமற் போகும் அளவு முதிர்ந்த குட்டியே தன் உடலின் சுரப்புகளால் தாய்க்கு உத்தரவு அனுப்புகிறது என்பது தெளிவாயிற்று. பசுக்களிலும் முறை இதுவேயாகும்.

இதற்கு ஒத்த ஓர் இயற்கை உதாரணம் அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்தில் காணப்பட்டது. அங்கு மலைமேய்ச்சலில் உள்ள ஒரு விஷச்செடியைச் சினையின் 14 ஆம் நாளையொட்டித் தின்ற ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளைப் பெற்றன. அத்தகைய குட்டிகளில் மேற்படி சுரப்பி சரிவர அமையாமையால் சில ஆடுகள் ஈற்று நாளை வெகுவாகக் கடந்தும் குட்டியைச் சுமந்து நின்றன.

நம் மாடுகளில், நாள் கணக்குக்குப் பத்துப் பதினைந்து தினம் கடந்தும் மடி இறங்காமல், ஈற்றின் அடையாளம் ஒன்றும் தோன்றாமல் இருந்தால், கன்று உள்ளேயே இறந்து வற்றிக் கருவாடு போலாகியிருக்கவும் கூடும். இதில் துர்நாற்றமோ காய்ச்சலோ இராது. ஆதலால் மாடு நன்றாகத்தான் மேய்கிறதே என்று பல மாதம் காத்திருப்பவரும் உண்டு. நாள் கடந்த மாட்டைப் பரிசோதிப்பிப்பதற்கு ஒரு காலை வேளையே செலவாகும்.

ஈற்றின் ஒழுங்கு

ஈனுவதற்குச் சில நாட்கள் முன்னதாக மடி பருத்து, காம்புகள் விம்மி, ஈற்றுறுப்பு வீங்கித் தளரும். வாலடியின் இருபுறமும் உள்ள நரம்புப் பட்டைகள் இளகி அவ்விடத்தில் குழி விழுவது, ஈற்று ஓரிரு நாளில் இருப்பதைக் காட்டும். கண்ணாடி போன்ற கோழை வடியும். முதல் ஒரு நாளில் தேகச் சூடு சற்றுக் குறைவதும் உண்டு.

ஈற்றின் முதற் கட்டத்தில் கருப்பை சுருங்கி விரிந்து, இறுக மூடியிருந்த கருப்பை வாயைத் திறக்கிறது. வெளியே காண்பது மாட்டின் அமைதியின்மை ஒன்றே: தீனியை விட்டு ஒதுங்கும், வாலைத் தூக்கும், அடிக்கடி படுத்து எழும். இது பசுக்களில் இரண்டு மணி முதல் ஆறு மணி வரையிலும், முதலீற்றுக் கிடேரிகளில் பன்னிரண்டு மணி வரையிலும் நீடிக்கலாம். இக்கட்டத்தில் மாட்டைச் சுற்றிக் கூட்டம் கூடாதிருப்பதே சிறந்த உதவி. அஞ்சிய மாட்டின் தேகத்தில் ஊறும் சுரப்பு கருப்பையின் இயக்கத்தைத் தடுக்கும். அந்நியர் வந்து நின்றால் பசு ஈனாது என்று கிழவிகள் கூறுவது வெறும் பேச்சன்று.

இரண்டாம் கட்டம் தண்ணீர்க்குடம் தோன்றுவதிலிருந்து கன்று விழும் வரையிலாகும். முதலில் ஒரு குடம் உடைந்து மங்கிய மஞ்சள் நீர் பெருகும். பின்னர் வெண்மையான இரண்டாவது குடமும் அதனுள் குளம்புகளும் தென்படும். அநேகமாக அரை மணி முதல் ஒரு மணிக்குள் கன்று பிறந்துவிடும். கிடேரிகளில் இன்னும் சற்று நேரமாகும். மூன்றாம் கட்டம் நஞ்சுக்கொடி விழுதலாகும். சாதாரணமாக இது ஆறு முதல் எட்டு மணிக்குள் முடியும். பன்னிரண்டு மணி கடந்தால் தங்கிய நஞ்சாகக் கருதி வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

தண்ணீர்க்குடம் கண்ட நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்வது மிக முக்கியமாகும். கவலையோடு காத்திருப்பவர்களின் நினைவில் நேரம் ஒருபோதும் சரியாக நிற்பதில்லை. ஒருவர் இப்போதுதான் என்பார், மற்றவர் அந்தியிலேயே என்பார். குடம் உடைந்து பசுவில் அரை மணிக்கும் கிடேரியில் ஒரு மணிக்கும் மேலாக முக்கியும் எவ்வித முன்னேற்றமும் இல்லையெனில், ஏதோ தடையுள்ளதென்றே கொள்ள வேண்டும். முதற் கட்டத்து அமைதியின்மை பன்னிரண்டு மணி கடந்தும் குடமே தோன்றாவிட்டாலும் அவ்விதமே கொள்க.

தாமதத்தின் காரணங்கள்

கன்றின் கிடக்கை தவறாயிருத்தல் பசுக்களில் அடிக்கடி காணும் காரணங்களுள் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கன்றுகள் வரையில் முன்புறமாகவே வருகின்றன. குளத்தில் தலைகீழாகப் பாய்பவன் கைகளை முன்னே நீட்டுவது போல, இரு முன்னங்கால்களையும் நீட்டி, முழங்கால்களின்மேல் முகவாயை வைத்து வருவதே நேரான கிடக்கையாகும். ஒரு கால் முழங்காலில் மடங்கிவிட்டாலும், தலை விலாப்புறம் திரும்பிவிட்டாலும், கன்றின் அகலம் கூடி இடுப்பெலும்பின் வளையத்துக்குள் நுழைய இயலாமற் போகிறது. இந்நிலையில் இழுக்க இழுக்கத் தலை மேலும் பின்னோக்கி மடங்குமேயன்றி நேராகாது. கன்றை முதலில் உள்ளே தள்ளி, இடம் உண்டாக்கி, பின்னரே மடங்கியதை நிமிர்த்த வேண்டும். இது கைப்பழக்கம் உள்ளவர் செய்யத்தக்க காரியமாகும்.

வெளியே தெரியும் கால்கள் முன்னங்கால்களா பின்னங்கால்களா என்பதைத் தொட்டே அறியலாம். குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டும் அதற்கடுத்த மூட்டும் ஒரே பக்கமாக மடங்கினால் அது முன்னங்கால். எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். குளம்பின் உள்ளங்கால் பூமியைப் பார்த்திருந்தால் அநேகமாகக் கன்று நேராக வருகிறது. வானத்தைப் பார்த்திருந்தால் பின்புறமாக வருகிறதென்று ஐயுற வேண்டும். பின்புறமாக வரும் கன்று பிறக்கக் கூடியதே. ஆயினும் அதன் தலை உள்ளே இருக்கையிலேயே தொப்புள் கொடி இடுப்பெலும்பில் அழுந்தி ரத்த ஓட்டம் தடைப்படுவதால், இடுப்பு வெளிவந்தபின் தாமதிக்க இடமில்லை. வால் மட்டும் தட்டுப்பட்டு ஒரு காலும் எட்டாதிருந்தால், இரு பின்னங்கால்களும் வயிற்றடியில் மடங்கியுள்ளன என்பது பொருள். இத்தகைய மாடு அதிகமாக முக்குவதும் இல்லை; ஆதலால் ஏமாற்றுவது இதுவே. இரட்டைக் கன்றுகள் நம் நாட்டு மாடுகளில் அபூர்வம். வரும்போது இரண்டின் கால்களும் ஒருசேர வழியை அடைத்துக்கொள்வதுண்டு. இரட்டையில் ஒன்று காளையாயின், உடன்பிறந்த கிடேரி அநேகமாக மலடாகவே வளரும் என்பதையும் வாங்குவோர் அறிந்திருத்தல் நலம்.

கன்று பெரிதாயிருத்தல் மற்றொரு காரணம். ஜெர்ஸி இனக் கன்று பிறக்கும்போது ஏறக்குறைய 25 கிலோவும், ஹோல்ஸ்டீன் இனக் கன்று 40 கிலோவும் இருக்கும். தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளுக்கு ஜெர்ஸிக் கலப்பும், நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு ஹோல்ஸ்டீன் கலப்பும் ஏற்றவையென வகுத்திருப்பதற்குத் தட்பவெப்பமே முதற் காரணமாயினும், சிறிய நாட்டுக் கிடேரிக்கு அதன் இடுப்பு தாங்கத் தக்க கன்றே தக்கது என்ற நியாயமும் இதில் அடங்கும். அதிகப் பாலுக்கு ஆசைப்பட்டு, வளர்ச்சி முற்றாத சிறு கிடேரிக்குப் பெரிய இனத்தின் சினை ஊசி போடுவிப்பது, ஒன்பது மாதத்துக்குப் பின் வரும் துன்பத்தைத் தேதி குறித்து அழைப்பதாகும். கலப்பினக் கிடேரி வயதில் மட்டுமன்றி எடையிலும் தேறி, ஏறக்குறைய 250 கிலோ அடைந்த பின்னரே சினைப்படுத்தத் தக்கது. பருவத்துக்கு வந்துவிட்டது என்பதே தகுதியாகாது. பருவம் இடுப்பெலும்பு வளர்வதற்கு முன்பே வந்துவிடுகிறது.

கருப்பை சோர்ந்துபோதல் மூன்றாவது. இதில் வழியும் திறந்திருக்கும், கன்றும் நேராயிருக்கும், மாடு முக்குவதில்லை. மூன்று நான்கு ஈற்றுக்கு மேற்பட்ட, நல்ல கறவையுள்ள பசுக்களில் இதைக் காணலாம். சீம்பால் ஊறத் தொடங்கியவுடன் ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து மடிக்கு விரைந்து போய்விட, கருப்பைத் தசைக்கு அது போதாமற் போகிறது. ஈன்ற இரண்டு மூன்று நாளில் மாட்டைத் தரையில் சாய்க்கும் பால்ஜன்னி என்ற நோயும் இதே குறையால் வருவதுதான். இதற்கு வைத்தியர் சுண்ணாம்புச் சத்து மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்ற, சிறிது நேரத்தில் மாடு முக்கத் தொடங்குவதைக் காணலாம். வற்றுக்காலம் முழுவதும் சுண்ணாம்பை மிகுதியாகக் கொடுத்து வந்தால் இது வராதென எண்ணுவது தவறு. அவ்விதம் கொடுக்கப்பட்ட பசுவின் தேகம் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் பழக்கத்தை மறந்து, வேண்டிய சமயத்தில் கைவிடுகிறது. தாது உப்புக் கலவையை ஈற்றுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேட்டு நடத்தல் நலம். சோர்வு வேறொரு விதத்திலும் வருவதுண்டு. தடையை எதிர்த்துப் பல மணி நேரம் முக்கி முக்கிக் களைத்த கருப்பை ஓய்ந்துவிடும். இதைக் கண்டு வலி நின்றுவிட்டது, இனி அச்சமில்லை என்பது பெரும் பிழை.

எருமைகளில் கருப்பை முறுக்கு

எருமை வளர்ப்போர், விசேஷமாக முர்ரா இன எருமை வளர்ப்போர், கட்டாயம் அறிய வேண்டியது கருப்பை முறுக்கு என்பதாகும். கன்று கருப்பையின் இரு கொம்புகளுள் ஒன்றிலேயே வளர்கிறது. ஒரு பக்கம் பாரமாகித் தொங்கும் கருப்பையைத் தாங்கும் தசைநார்கள் கீழ்ப்பக்கத்தில் மட்டும் பற்றியிருப்பதால், மாடு திடீரெனப் புரண்டாலோ வழுக்கி விழுந்தாலோ கருப்பை முழுவதும் தன் அச்சில் சுழன்றுவிடக்கூடும். மாடுகள் எழும்போது பின்புறத்தை முதலில் தூக்குவதால், அச்சமயம் கருப்பை வயிற்றினுள் ஊசலாடுகிறது. எருமையின் ஆழ்ந்த வயிறும், சேற்றில் புரளும் வழக்கமும் இதற்குத் துணைபோவதாகக் கருதப்படுகிறது. பெரும்பாலும் முறுக்கு வலப்புறமாகவே நிகழ்கிறது. ஈரத் துணியைப் பிழிகையில் நடுவே ஏற்படும் இறுக்கம் போலப் பிறப்பு வழி அடைபட்டு, கருப்பைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களும் நெரிபடுகின்றன.

இதன் கொடுமை அதன் மௌனத்திலுள்ளது. நாள் நிறைந்த எருமை தீனி தின்னாமல் படுத்தெழுந்து, வயிற்றை உதைத்து, விலாவைத் திரும்பிப் பார்த்து, ஈற்றின் அடையாளம் யாவும் காட்டும். ஆனால் தண்ணீர்க்குடம் வெளிவராது. அரை நாளோ ஒரு நாளோ கழிந்து அமைதியடைந்துவிடும். பொய்வலி என்று வீட்டார் ஆறுதல் கொள்வர். உள்ளே கன்று அதற்குள் இறந்திருக்கும். சில நாளில் கருப்பையே அழுகித் தாயும் போகும். ஈற்றுறுப்பின் ஓர் உதடு உள்வாங்கி ஒரு பக்கமாகக் கோணியிருப்பது சில மாடுகளில் வெளியே தெரியும் அடையாளமாகும். ஆகவே எருமையில் வலி கண்டு குடம் காணாமை, குடம் உடைந்து கன்று காணாமையைவிட அவசரமானது என்று கொள்ளத் தகும்.

இதற்குள்ள சிகிச்சை பார்ப்பவர்க்கு வியப்பளிப்பது. முறுக்கு எப்புறமோ அப்புறமாக எருமையைப் படுக்கவைத்துக் கால்களைக் கட்டி, நீண்ட பலகையொன்றை அதன் விலாவில் சாய்த்து, பலகையின் தாழ்ந்த முனையை ஒருவர் மிதித்து நிற்க, மற்றவர்கள் அதே திசையில் மாட்டை மெதுவாக உருட்டுவர். பலகையின் பாரத்தால் கருப்பை நின்ற இடத்தில் நிற்க, உடல் மட்டும் சுழன்று கருப்பையை எட்டிப் பிடிப்பதால் முறுக்கு விடுபடுகிறது. திசை மாறி உருட்டினால் முறுக்கு இரட்டிக்கும். திசையை உள்ளே கைவிட்டுப் பார்த்த வைத்தியரே கூற முடியும். ஆதலால் இதைக் கண்டு கற்று, அவரின்றிச் செய்யத் துணியலாகாது. உருட்டியும் விடுபடாத மாடுகளுக்கு வயிற்றைக் கீறிக் கன்றை எடுக்கும் சிகிச்சை உண்டு. சென்னை வேப்பேரியில் 1903 இல் ஏற்பட்ட பழைய கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் இது செய்யப்படுகிறது. காலத்தில் கொண்டுசெல்லப்பட்டவை பிழைக்கின்றன. இரண்டு மூன்று நாள் கழிந்து வருபவற்றில் கல்லூரியாலும் செய்யக்கூடியது சொற்பம்.

செய்யத் தக்கதும் தகாததும்

கன்று நேராக வந்து, இரு கால்களும் மூக்கும் தெரிந்து, சற்றே உதவி தேவைப்படும்போது மட்டும் வீட்டார் இழுக்கலாம். நகத்தை வெட்டி, முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவி, மாட்டின் பின்புறத்தையும் கழுவிய பிறகே தொட வேண்டும். சுத்தமான மெல்லிய பருத்திக் கயிற்றைக் கன்றின் குளம்புக்கு மேலுள்ள மூட்டுக்கும் மேலே ஒரு சுற்றும், மூட்டுக்குக் கீழே ஒரு சுற்றுமாகக் கட்டினால் எலும்பு முறியாது. மாடு முக்கும்போது மட்டும் இழுத்து, ஓயும்போது ஓய வேண்டும். இரு கால்களையும் ஒருசேர இழுக்காமல் மாறி மாறி இழுத்தால் தோள்கள் சாய்ந்து எளிதில் நுழையும். தலை வெளிவந்தபின் நேர்ப் பின்னாக இழுக்காமல், தாயின் குதிகால் நோக்கிக் கீழ்ப்புறமாக இழுத்தல் வேண்டும்.

இரண்டு அல்லது மூன்று பேர் பலத்துக்கு மேல் வேண்டியிருந்தால் அங்கே பலம் தேவையில்லை, காரணம் தேடுதலே தேவை. கயிற்றை ஏர் மாட்டிலோ வண்டியிலோ உழவு இயந்திரத்திலோ கட்டி இழுத்ததால் இடுப்பு நரம்பு நசுங்கிப் பின்பு எழுந்திராத பசுக்கள் எல்லா வட்டங்களிலும் உண்டு. பால் சுரக்கவென்று சிலர் மறைவாக வைத்திருக்கும் ஊசி மருந்தை வலி வருவதற்காகப் போடுவது இன்னும் கொடியது. வழி அடைபட்டிருக்கையில் கருப்பையை அது பலவந்தமாகச் சுருங்கச் செய்வதால் கருப்பை கிழிந்துபோகும்.

கை விடுபவர் தம் நலத்தையும் கருத வேண்டும். ஆறாம் மாதத்துக்கு மேல் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா என்னும் கிருமி, கருநீரிலும் நஞ்சிலும் மிகுந்திருந்து, கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் மனிதருக்குப் பரவி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் கொடுக்கிறது. 2019 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் நான்கு முதல் எட்டு மாதத்துக் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. பால்மரத்தில் கட்டினால் பால் பெருகும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்த வழக்கமாயினும், நாயும் காக்கையும் அதைக் கீழே இழுத்து ஊரெங்கும் நோயைப் பரப்புகின்றன. சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்தலே தக்கது.

பிறந்த கன்றின் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடைத்து, தொப்புளில் அயோடின் தடவி, ஒரு மணி இரண்டு மணிக்குள் சீம்பாலைக் குடிக்கச் செய்ய வேண்டும். நஞ்சு விழுந்த பிறகே கன்றை ஊட்டவிட வேண்டும் என்பது தவறான வழக்கம். கன்று ஊட்டும்போது தாயின் தேகத்தில் ஊறும் சுரப்பே நஞ்சு விழவும் துணைசெய்கிறது.

வைத்தியரை அழைக்கும்போது

கால்நடைகளுக்கான அவசர ஊர்தியை 1962 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். இந்த எண்ணைக் கிராம நிர்வாக அலுவலகத்திலும், பால் சங்கத்திலும், ஊராட்சி அலுவலகத்துச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிவைப்பது கிராம அதிகாரிகள் செலவின்றிச் செய்யக்கூடிய உதவியாகும். மழைக்காலத்தில் வண்டி வர இயலாத பாதையுள்ள குக்கிராமங்களில், ஈற்றுக்குப் பத்து நாள் முன்னதாகவே மாட்டைச் சாலையோரத்து உறவினர் தொழுவத்துக்கு மாற்றிக் கட்டும்படி அவர்கள் சொல்லிவைத்தலும் நலம். எருமைகள் அதிகமாக ஈனுவது அடைமழைக் காலத்திலேயாகும்.

அழைப்பவர் மாடு ஈனவில்லை என்று மட்டும் கூறினால் வைத்தியர் எதைக் கொண்டுவருவதென்று அறியார். பசுவா எருமையா, எத்தனையாவது ஈற்று, சினை சேர்ந்த தேதி, வலி கண்ட நேரம், குடம் உடைந்ததா, உடைந்த நேரம், வெளியே தெரிவது யாது, இதுவரை எவரேனும் கைவிட்டோ கயிறிட்டோ இழுத்தனரா, ஊசி ஏதேனும் போடப்பட்டதா என்பவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பலர் வெட்கத்தால் உண்மை கூறுவதில்லை. வண்டி வந்து சேரும்வரை மாட்டை வழுக்காத தரையில், வைக்கோல் பரப்பி, தலை சற்றுத் தாழ்ந்து பின்புறம் உயர்ந்திருக்கும்படி கட்டிவைத்து, குடிக்கத் தண்ணீர் காட்டி, வெளிச்சத்துக்கு ஒரு விளக்கும், இரண்டு வாளி வெந்நீரும், சோப்பும், நீளமான பலகை ஒன்றும், கைகொடுக்க நாலு பேரும் தயாராக வைத்திருந்தால், வைத்தியர் வந்தவுடன் காலதாமதமின்றி வேலையைத் தொடங்க முடியும்.